சிரிப்பைக் கீறியவர்

எம் கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் நாம் ஆறுமுக நாவலரைப் பற்றியோ சுவாமி விபுலாநந்தரைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பெரியார் இருவரையும் பற்றி எழுதவல்ல அறிஞர் பலர் இக்கல்லூரியின் பழைய மாணவரிடையே உளர். நாமோ கேலிச்சித்திரக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். 'சிரித்திரன்' சுந்தர் என்று நாடறிந்த சி. சிவஞானசுந்தரம் அவர்களே அவர். அன்னாருக்கு நாம் பட்ட கடன் ஒன்றுண்டு. அக்கடனோடு நாம் இழைத்த பிழையொன்றும் பின்னிக் கிடக்கின்றது. இரண்டையும் ஒருங்கே சொல்லிவிடுதல் நலம்.

எமது ஊர் முரசுமோட்டை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், இருமருங்கும் வயல் விரியும் இடம். எம் தந்தையார் வடமராட்சியிலிருந்து காணி தேடி இங்கு வந்து காடு வெட்டிக் கமஞ்செய்தவர். அவரிடம் றங்குப் பெட்டி ஒன்று இருந்தது. காணி உறுதியும் சாதகக் குறிப்புகளும் மேலே இருக்க, அடியிலே பழஞ்சீலையொன்றில் சுற்றியபடி 'சிரித்திரன்' இதழ்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. தந்தையார் சிரிக்கக் கண்டோர் அரியர். காலபோகம் விளைந்தாலும் அழிந்தாலும் அவர் முகம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், மாரிக்கால இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் அருகே பெட்டியைத் திறந்து ஓர் இதழை எடுத்து வைத்துக்கொண்டு, தனியே இருந்து தோள் குலுங்கச் சிரிப்பார். ஓசை வராது, விளக்குத்தான் சற்று அசையும். எமக்கு அப்போது ஆறேழு வயது. இவர் எதைக் கண்டு சிரிக்கின்றார் என அறியும் ஆவலால், அவர் வயலுக்குச் சென்ற வேளையில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அங்கே சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் இருந்தனர்.

நாம் தமிழ் வாசிக்கப் பழகியது பாலபாடத்தில் என்று பிறரிடம் சொல்வதுண்டு. உண்மை யாதெனில், அப்பெட்டிக்குள்ளேதான் பழகினோம். படத்திலுள்ளவர் ஏன் சிரிக்கிறார் என்பதை அறிய வேண்டுமாயின் கீழேயுள்ள வரியை எழுத்துக் கூட்டி வாசித்தே ஆகவேண்டும். அதனினும் சிறந்த வாசிப்புப் பயிற்சி முறையை, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்ற இந்நாள்வரை நாம் கண்டதில்லை.

சுந்தர் அவர்கள் 1924 ஆம் ஆண்டு வடமராட்சியிலுள்ள கரவெட்டியிற் பிறந்தவர். கட்டடக் கலை பயிலும் நோக்கோடு பம்பாய்க்குச் சென்றார். வீடு கீறக் கற்கச் சென்றவர், வீட்டிலிருப்போரைக் கீறுபவராகத் திரும்பி வந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் ஒருவரின் கண்கொண்டு இதனைப் பார்த்தால், இது எத்துணை பெரிய ஏமாற்றமாகத் தோன்றும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். கொழும்பிலே 'தினகரன்' பத்திரிகையில் அவர் கீறிய சவாரித் தம்பர் தமிழ் வீடுகளுக்குள் உறவினரைப்போலப் புகுந்துவிட்டார். மாட்டுவண்டிச் சவாரியை அறிந்த நாட்டில் அப்பெயரே பாதி முறுவலை வருவித்துவிடும். 1960களின் முற்பகுதியில் அவர் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைக் கொழும்பிலே தொடங்கினார். பின்னர் அதனைத் தம்மோடு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இடைமுறிவுகளோடு, அவ்விதழே அவர் வாழ்வாயிற்று.

நகைச்சுவை இதழ் நடாத்துதல் நகைப்புக்குரிய தொழிலன்று. படம் கீறுபவரும் அவரே, ஆசிரியரும் அவரே, 'மகுடி' என்ற பெயரில் வாசகரின் வினாக்களுக்கு விடை இறுப்பவரும் அவரே. அவ்விடைகளைப் படிப்பதற்கென்றே இதழைப் பின்புறமிருந்து புரட்டுவோர் இருந்தனர். ஒருவர் இரண்டு பக்கத்தில் எழுதும் கண்டனத்தை மகுடியார் இரண்டு வரியில் முடித்துவிடுவார். 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் டாமோடிரன்' என்றொரு தொடர் சித்திரம். தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப்பெயர் கொழும்புக் காற்றுப் பட்டு டாமோடிரன் ஆயிற்று. எம் மக்கள் தம் பெயரையே வேற்று வாயால் உச்சரிக்கத் தொடங்கிய காலத்தின் வரலாறு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. இலக்கணம் கற்பிக்கும் நாம், ஒலித்திரிபுக்கு இதனினும் நல்ல உதாரணம் தேடி அலைந்ததில்லை.

அக்காலத்து அச்சுமுறையையும் இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். இன்று போல் படத்தைக் கீறியவுடன் கணினியிற் புகுத்துவதற்கில்லை. எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்கும் அச்சில் படம் ஏறவேண்டுமாயின், அதனைப் படம்பிடித்து, நாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்துப் 'புளொக்' செய்தல் வேண்டும். ஒவ்வொரு புளொக்குக்கும் காசு. சாம்பல் நிறச் சாயலெல்லாம் அதில் ஏறா. ஏற்றுவதாயின் வேறு முறையும் மேலும் செலவும் வேண்டும். ஆதலின் கறுப்புக் கோடு ஒன்றே துணை. தேவையற்ற கோடு ஒன்று மிகுந்தாலும் மை தேங்கி முகம் கெட்டுவிடும். கேலிச்சித்திரக்காரர் சிக்கனமாகக் கீறுவதைக் கலையின் உயர்வு என்று பாராட்டுகின்றோம். அவ்வுயர்வில் ஒரு பங்கு வறுமைக்கும் உரியது என்பதே எம் கருத்து.

1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. விகடனும் குமுதமும் இன்றித் தவித்த வாசகர்கள் உள்ளூர் இதழ்கள்பால் திரும்பினர். அந்நாள் 'சிரித்திரன்' போன்ற இதழ்களுக்கு நல்வாய்ப்பாயிற்று. எனினும், அரசு தந்த வாய்ப்பினால் மட்டும் ஓர் இதழ் நிலைத்துவிடாது. எம் தந்தையாரைப் போன்ற கமக்காரர் ஒருவர், விதைநெல்லுக்கு வைத்த காசில் சிறிது எடுத்து அதனை வாங்கவும் வேண்டும்.

சுந்தர் பிறந்த அதே 1924 ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் தஞ்சாவூரில் கோபாலன் என்பவர் பிறந்தார். கும்பகோணத்து ஓவியப் பள்ளியிற் பயின்று சென்னை சென்ற அவருக்குக் 'கோபுலு' என்று பெயர் சூட்டியவர், 'ஆனந்த விகட'னில் முன்னரே புகழ்பெற்றிருந்த மாலி. சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களைக் கீறியதிலும், கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்கு உருவம் தந்ததிலும் கோபுலுவுக்கு இணை அவரே. பின்னர் அவர் விளம்பரத் துறைக்குச் சென்றார். சொந்த நிறுவனமும் நடாத்தினார். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலற்றபோது இடக்கையாற் கீறப் பழகிக்கொண்டார். 2015 இல் மறைந்தார். இவ்விருவரையும் தராசில் வைத்து நிறுப்பது எம் நோக்கமன்று. கோபுலுவின் கோடு சுந்தரின் கோட்டினும் அழகானது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. கோபுலுவுக்குப் பின்னால் பெரிய நிறுவனமும் இலட்சக்கணக்கான வாசகரும் இருந்தனர். சுந்தருக்கோ சிறிய நாட்டில், சிறிய மொழிச் சமூகத்தில், கடதாசி கிடைத்த மாதத்தில் வெளிவரும் இதழ் ஒன்றே இருந்தது.

தமிழ்ப் பத்திரிகையில் அரசியற் கேலிச்சித்திரத்துக்கு வழிகோலியவர் மகாகவி பாரதியார் என்பதையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1906 இல் சென்னையிலே தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் அத்தகைய சித்திரங்களை வெளியிட்டார். எம் நாட்டில் ஒப்ரே கொலெற் கொழும்பிலே ஓவிய ஆசிரியராக இருந்து கேலிச்சித்திரக்காரராகி, பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாறு கடல் கடக்காத பிரகீத் எக்னெலிகொட என்ற கேலிச்சித்திரக்காரர் 2010 ஜனவரி 24 அன்று காணாமற் போனார். அவர்தம் துணைவியார் நீதிமன்றங்களின் படிகளில் ஏறி இறங்கிய காட்சியைப் பத்திரிகையிற் கண்ட எம்மூர்த் தாய்மார், அவ்வம்மையின் மொழியை அறியார். ஆயினும் அவர் கையிற் பிடித்திருந்த படத்தை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1996 இல், சுந்தர் அவர்கள் மறைந்தார். அச்செய்தி எம் ஊருக்கு எப்போது வந்ததென்பது நினைவில் இல்லை. தந்தையார் இதழ் ஒன்றை எடுத்து, திறவாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த மாலைப்பொழுது மட்டும் நினைவில் இருக்கின்றது.

நிற்க. இனி எம் பிழைக்கு வருவோம்.

இக்கல்லூரி விடுதியில் நாம் பயின்ற நாட்களில் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று நடாத்தினோம். அதில், சவாரித் தம்பரின் மேலிருந்த மோகத்தால், விடுதிச் சமையற்காரரைக் கீறினோம். வயிற்றுக்கு ஒரு வட்டம், தலைக்கு ஒரு வட்டம், கையில் அகப்பை. சித்திரம் என்று அதனைச் சொல்வது சித்திரத்துக்கு இழுக்கு. விடுதிப் பொறுப்பாசிரியர் கையில் அது அகப்பட்டது. பிரம்பு வரும் என்று நாம் நடுங்கி நிற்க, அவர் அதனைச் சமையற்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினார். சமையற்காரர் நெடுநேரம் பார்த்தார். "தம்பி, அகப்பை சின்னனாப் போச்சு" என்றார். அன்றிரவு எமக்கு மட்டும் சொதி ஓர் அகப்பை மேலதிகமாக வந்தது.

இத்தகைய மன்னிப்பைப் பெற்றிருந்த நாம், 2004 ஆம் ஆண்டு, தொண்டராசிரியராக வன்னிப் பாடசாலை ஒன்றிற் கடமையாற்றியபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் எம்மைக் கீறியிருக்கக் கண்டோம். நேர்வகிடு, கக்கத்தில் குடை, மூக்கோ முகத்தை விட்டுப் புறப்பட்டு நன்னூலின் மேல் வந்து இளைப்பாறுகின்றது. வகுப்பே சிரித்தது. எமக்கு இருபத்தைந்து வயது. தடித்த சொற்களால் மதிப்பைத் தேடிக்கொள்ளும் பருவம். அவனுடைய கொப்பியை வாங்கினோம். அதன் பின்பக்கங்களில் அதிபர், பேருந்துச் சாரதி, கடைக்காரர் எனப் பலரும் இருந்தனர். ஒவ்வொரு தாளாகக் கிழித்தோம். முழந்தாளில் நிற்க வைத்தோம். அவன் அழவில்லை. கிழித்த தாள்களைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் இடுமாறும் அவனையே பணித்தோம். அவ்வாண்டு முழுவதும் அவன் கையில் பென்சில் எழுதுவதற்கன்றி வேறெதற்கும் அசையவில்லை. எம் வகுப்பு ஒழுக்கத்தைப் பிறர் புகழ்ந்தனர்.

வீட்டில், அதே பெட்டிக்குள், சவாரித் தம்பர் இருந்தார். அன்று மாலை நாம் அதனைத் திறக்கவில்லை.

2009 ஜனவரியில் முரசுமோட்டையை விட்டுப் புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு எனக் கிழக்கு நோக்கி, உழவு இயந்திரப் பெட்டியில் இருந்த பொருள் ஓரிடத்தில் பாதியாகி, மற்றோரிடத்தில் காற்பங்காயிற்று. விசுவமடுவுக்கு அப்பால் அரிசிச் சாக்கை வைப்பதா, றங்குப் பெட்டியை வைப்பதா என்ற கட்டம் வந்தது. நாம் வாய் திறக்கவில்லை. தந்தையார் தாமே பெட்டியை இறக்கினார்; காணி உறுதியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்; மூடியைச் சாத்தி, கொளுவியும் விட்டு, பனையடியில் வைத்தார். எதற்காகக் கொளுவினார் என்று நாம் பின்னர்ப் பலமுறை எண்ணியதுண்டு.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எம் வரிசைக்கு அடுத்த வரிசையில் அப்பையன் இருந்தான். அப்போது பதினேழு வயது. எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, "சேர்" என்றான். வேறொன்றும் பேசவில்லை; எமக்கும் பேச நா எழவில்லை. தண்ணீர் வரிசையில் நிற்பதே அந்நாட்களில் எல்லார்க்கும் தொழில். ஒருநாட் காலை, தறப்பாளின் வெளிப்புறத்தில் அடுப்புக்கரியாற் கீறிய படம் ஒன்றைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நீண்ட வரிசை, மனிதர் நிற்க வேண்டிய இடத்தில் வாளிகளே நின்றன. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு முகம். இன்ன வாளி இன்னார் என்று குழந்தைகள் கைகாட்டிச் சொல்லின. வரிசையின் கடைசியில் நேர்வகிடெடுத்த வாளியொன்று. குழாயில் ஒரு துளியும் இல்லை. அவ்வாளி மட்டும் தன் மூக்கிலிருந்து வடியும் நீரால் தானே நிரம்பிக்கொண்டிருந்தது. எமக்கு அக்கிழமை கடுந்தடிமன்.

பின்னால் ஓர் அசைவு கேட்டுத் திரும்பினோம். தந்தையார் தோள் குலுங்க நின்றார். "உது நீயெல்லே" என்றார். பிறகு, "ஆரடா இதைக் கீறினது? கெட்டிக்காரப் பொடியன்" என்றார். பெட்டியை இறக்கிய நாள் முதல் அவர் சிரிக்க நாம் கண்டது அன்றுதான். பையன் கூட்டத்துக்குப் பின்னால், ஓடுவதற்கு ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தான். நாம் அவனிடம் சென்று, கொப்பியைக் கிழித்தது பிழை என்றோம். அவன் நிலத்தைப் பார்த்தபடி, "மூக்கு இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் சேர். தறப்பாள் முடிஞ்சு போச்சு" என்றான்.

2010 இல் மீள்குடியேறினோம். தந்தையார் மேலும் நான்கு மாரிகள் கண்டு மறைந்தார். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றதும் அதற்குப் பின்னரே. இப்போது நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் 'சிரித்திரன்' பழைய இதழ்கள் பல படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கைப்பேசியில் அவற்றை விரித்துப் பார்க்கின்றோம். அக்காலத்து மற்றைய நகைச்சுவை இதழ்களிற் போலவே, மனைவிமாரைக் கேலிசெய்யும் துணுக்குகள் இன்று எமக்குச் சிரிப்பூட்டவில்லை. ஆனால் தம்பர் பழுதாகவில்லை. கீறியவருக்குத் தம்பர்மீது பகை இல்லாமையே அதற்குக் காரணம் என்று தோன்றுகின்றது. கீறப்பட்டவர் அப்படத்தைத் தம் வீட்டிலேயே பத்திரப்படுத்தி வைக்கிறார் என்றால், எம் தந்தையாரைப் போல், அதற்கு மேல் ஒரு கேலிச்சித்திரக்காரர் பெறத்தக்க பரிசில் யாது?

அப்பையனின் தொழில்களையும் சொல்லுதல் வேண்டும்; அவை சுந்தரின் தொழில்களினும் பலவாயின. பரந்தனில் கடைப் பெயர்ப்பலகை எழுதினான். முச்சக்கர வண்டிகளின் பின்புறத்தில் சிங்கமும் கழுகும் தீட்டினான். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசினான். பிளெக்ஸ் பதாகை வந்து பெயர்ப்பலகைத் தொழிலை விழுங்கியபோது, அப்பதாகை அச்சிடும் கடையிலேயே கணினி முன் அமர்ந்தான். அறுவடைக் காலத்தில் நெல்வெட்டும் இயந்திரத்தோடு வயலில் நிற்பான். இவையனைத்துக்கும் இடையில் வேறொரு வேலையும் அவனைத் தேடி வந்தது. இறந்தோர், காணாமற் போனோர் ஆகியோரின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து பெரிதாகக் கீறித் தருமாறு மக்கள் கேட்டனர். சிலரிடம் அப்படமும் இல்லை. தாய் பக்கத்திலிருந்து, நெற்றி இப்படி, புருவம் இப்படி என்று சொல்லச் சொல்ல அவன் அழித்து அழித்துக் கீறுவான். அநேகமான தாய்மார் ஒன்றையே கேட்பராம்: "சிரிக்கிற மாதிரிக் கீறித் தா தம்பி." அடையாள அட்டைப் படத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. ஆதலின், தான் காணாத சிரிப்பை அவன் கீற வேண்டியிருக்கின்றது. பக்கத்திலிருக்கும் தாயின் வாயைப் பார்த்தே அதனைக் கீறுவதாக ஒருமுறை எம்மிடம் சொன்னான்.

இம்மலரில் இக்கட்டுரையோடு படம் ஒன்றும் இடம்பெறுதல் வேண்டுமென மலர்க்குழுவினர் விரும்பினர். எம் புகைப்படத்தை அனுப்புவதற்கு மாறாக, நாம் பரந்தனுக்குச் சென்று அவனிடம் விடயத்தைச் சொன்னோம். முப்பது வயதைக் கடந்துவிட்ட அவன் கணினியை விட்டெழுந்து, எம்மை வெளிச்சத்தில் நிறுத்தி, இடமும் வலமும் சென்று பார்த்தான். மேசையைத் துழாவிப் பென்சில் ஒன்றை எடுத்துத் தீட்டினான்.

"சேர், பக்கம் எவ்வளவு அகலம்?" என்று கேட்டான்.